களி உருண்டையின் நடுவே ஒரு குழி

இந்த வருஷம் அண்டா கழுவுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சின்ன முடிவாகத் தெரியும். அந்த அண்டாவைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது. அது வாழவந்தியில் என் மாமனார் பெரியண்ணன் வீட்டில் இருக்கிறது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், மகள்கள், மருமகன்கள், பங்காளிகள், பிள்ளைகுட்டிகள் என்று நாற்பது பேருக்கு அதில் ராகிக் களி கிண்டுவார்கள். களியை எடுத்த பிறகு அடியில் காந்தல் மிஞ்சும். கருகருவென்று, விரல் கனத்துக்கு, புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி. அதன் மேல் லோடு லாரியே போகலாம். அதைச் சுரண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். பிறகு சாம்பல். பிறகு தேங்காய் நார். பிறகு கரண்டிக் காம்பு. கடைசியில், யாரும் பார்க்காதபோது, கொஞ்சம் கண்ணீர்.

யாரும் பார்க்காதபோது என்றா சொன்னேன்? தவறு. எல்லாரும் பார்ப்பார்கள். கொல்லையில் பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பார்ப்பார்கள். "அந்த ஓரத்துல இன்னொருக்கா தேயுங்க" என்று யோசனையும் சொல்வார்கள்.

கழுவுவது யார் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெண்கள் விடியற்காலையிலிருந்து கிண்டுகிறார்கள்; ஆகவே கழுவுவது ஆண்கள். ஆண்களில் யார்? பந்தியில் கடைசியாகக் கை கழுவுகிறவர். அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பதினொரு வருஷமும் கடைசியாகக் கை கழுவியவன் நான்.

காரணம் என் வாய். பேசுகிற வாயைச் சொல்லவில்லை. அதற்கு வீட்டில் வேலை குறைவு. சாப்பிடுகிற வாயைச் சொல்கிறேன். அதற்குச் சூடு ஆகாது. ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கடைவீதியில் டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால் பாதிச் சூட்டைப் பனி குடித்துவிடும். மீதியைக் குடித்தே பழகிவிட்டேன்.

என் மனைவி ராசாத்தியின் வீட்டார் வேறு ரகம். ஆவி பறக்கிற களியைக் கிள்ளுவார்கள். குழம்பில் புரட்டுவார்கள். விழுங்குவார்கள். மெல்லுவது கிடையாது. நான் விரலை ஊதி முடிப்பதற்குள் மச்சான் முருகன் உருண்டையை முடித்திருப்பான். ராசாத்தியின் தங்கை மேனகாவின் கணவர் லோகேஷ் இன்னும் மோசம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். அடுத்த டிரிப்புக்கு ஆள் ஏறுவதற்குள் கொதிக்கிற டீயை இரண்டு மடக்கில் குடித்துப் பழகிய தொண்டை. அதைத் தொண்டை என்று சொல்வதைவிட சைலன்சர் குழாய் என்று சொல்லலாம்.

இதில் என்னை மிகவும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த அண்டா என் கடையிலிருந்து போனது.

கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். புது மாப்பிள்ளையாக முதல் திருவிழாவுக்குப் போனபோது அந்த அண்டாவை நானே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எளிதாகத் தூக்க முடிந்தது. அடி அவ்வளவு மெல்லியது. பாத்திர விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அடி மெல்லியதாக இருந்தால் சூடு சீக்கிரம் ஏறும். அது கடக்க வேண்டிய தூரம் குறைவு அல்லவா? அடி கனமான அண்டா கேட்டு வருகிறவர்களையும் உட்கார வைத்து, இந்தக் கொள்கையைப் பொறுமையாக விளக்கி, மெல்லியதையே வாங்கிப் போகச் செய்வேன்.

ராசாத்தி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிய அடியில் சூடு சீக்கிரம் மேலே ஏறும், ஆனால் பக்கவாட்டில் பரவ வழியிருக்காது என்றாள். விறகு எரிகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிற களி கருகும்; ஓரத்தில் இருப்பது வேகாமல் நிற்கும். அடி கனமாக இருந்தால் சூடு அந்தக் கனத்துக்குள்ளேயே நாலா பக்கமும் பரவி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேலே வரும். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தோசைக்கல்லைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம்.

"பாத்திரக் கடை வெச்சிருக்கறது நானா, நீயா?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க. வருஷா வருஷம் அதைத் தேய்க்கறதும் நீங்கதானுங்க," என்றாள்.

அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு வழி காட்டியவர் ஆன்மேரி. லேடீஸ் சீட் வியூபாயிண்ட் பக்கம் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறவர். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, நடுவில் குழாய் வைத்த வட்டத் தட்டு இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று மூன்று வருஷமாகக் கடையில் கிடந்தது. யாரோ தவறாகச் செய்துவிட்ட குழம்புச் சட்டி என்று நினைத்து அதை மேல் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். தூசி துடைத்துக் கொடுக்கும்போது, நடுவில் எதற்கு ஓட்டை என்று கேட்டேன்.

"ஓட்டை இல்லாட்டி ஓரமெல்லாம் கருகிருதுங்கண்ணா. நடுவுல மாவாவே நிக்குது," என்றார். "சூடு நடுவுக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரமாகுது. ஓட்டை இருந்தா உள்பக்கமிருந்தும் சூடு ஏறுமுங்க. எந்த இடமும் ஓரத்துக்குத் தூரமில்லாம போயிருது."

அவர் போன பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எந்த இடமும் ஓரத்துக்குத் தூரமில்லை. வெளியே இருக்கிற சூடு உள்ளே போக அது வழி என்றால், உள்ளே இருக்கிற சூடு வெளியே வரவும் அதுதானே வழி?

களி ஏன் ஆறுவதில்லை என்று அன்றைக்குத்தான் ஒழுங்காக யோசித்தேன். அது உருண்டை. ஒரே அளவு களியை எந்த வடிவத்தில் பிடித்தாலும், உருண்டைக்குத்தான் மேல்தோல் மிகவும் குறைவு. சூடு அந்தத் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நடுவில் இருக்கிற சூடு தோல் வரைக்கும் வந்து சேர நெடுந்தூரம் நடக்கவும் வேண்டும். ராகிக் களியோ சூட்டைச் சுலபமாக நடக்க விடாத பொருள். சூட்டைப் பத்திரமாகப் பூட்டி வைக்க ஒருவர் வடிவம் தேடி அலைந்தால், கடைசியில் என் மாமியார் அருக்காணி பிடிக்கிற களி உருண்டையில்தான் வந்து நிற்பார்.

தட்டையாக்கினால் சீக்கிரம் ஆறும். அது எனக்குத் தெரியாததல்ல. போன வருஷம் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து உருண்டையை உள்ளங்கையால் இலையில் அமுக்கினேன். மாமனார் பார்த்துவிட்டார்.

"ராசாத்தி, மாப்பிள்ளைக்கு நம்மூட்டுக் களி புடிக்கலையாட்ட இருக்குது. வறட்டி தட்டறாரு பாரு, கண்ணு," என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. நான் அமுக்கியதை எடுத்துக்கொண்டு போய், அதைவிடச் சூடாக வேறொன்று கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனால் குழி வேறு விஷயம். உருண்டையின் உச்சியில் கட்டை விரலால் ஒரு குழி செய்து அதில் குழம்பு வாங்குவது அந்த வீட்டில் எல்லாரும் செய்வது. சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யும். குழி எவ்வளவு ஆழம் இருக்கலாம் என்று மட்டும் யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குக் களி கேட்டேன். ஒன்பது நாள் கேட்டேன். முதல் நாள், சர்க்கரை வியாதி வந்துவிட்டதா என்று ராசாத்தி விசாரித்தாள். உடம்புக்கு நல்லது என்றேன். அவள் மேலே கேட்காமல் கிண்டிப் போட்டாள். நான் தட்டைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, செல்போனில் மணி பார்த்தேன்.

வெறும் உருண்டையாக இருந்தால், நடுவில் விரல் வைக்க முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. உச்சியில் சின்னக் குழி செய்தால் இருபத்தெட்டு. கட்டை விரலை நனைத்து, அடி வரைக்கும் இறக்கி, சுற்றிச் சுற்றி அகலப்படுத்தி, பூதங்கள் சாப்பிடுகிற உளுந்து வடை மாதிரி ஆக்கினால் பதின்மூன்று. நம்ப முடியாமல் ஏழாம் நாள் இரண்டு முறை செய்து பார்த்தேன். பதின்மூன்றுதான். சூடு நடக்கிற தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

பதின்மூன்று என்பது எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி. வாழவந்தி வீட்டில் இலையில் களி விழுந்ததும் யாரும் சாப்பிட ஆரம்பிக்க மாட்டார்கள். எல்லா இலைக்கும் பரிமாறி முடிய வேண்டும். பிறகு மாமனார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட வேண்டும். எப்படியும் பதினைந்து நிமிஷம் ஓடும். அதற்குள் என் களி ஆறிவிடும். மற்றவர்களுடைய உருண்டைகள் சூட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு சூட்டைத் தாங்குகிற தொண்டையானாலும், ஆறின களியை அள்ளிப் போடுகிற என்னை முந்த முடியாது.

ஆறாம் நாளோ என்னவோ, வடை வடிவத்தில் இருந்த களியைப் பார்த்துவிட்டு ராசாத்தி நின்றாள்.

"களிக்கு என்னத்துக்குங்க ஓட்டை?"

"காத்துப் போகட்டும்னுதான்."

"ஓ," என்றாள்.

கல்யாணமான ஆண்கள் இந்த 'ஓ'வை அறிவார்கள். நானும் அறிவேன். அன்றைக்கு மறந்துவிட்டேன்.

திருவிழாவுக்கு மறுநாள் காலை பஸ் ஏறி வாழவந்தியில் இறங்கினோம். வழக்கமாக வாசலிலேயே காந்தல் வாசம் வந்து வரவேற்கும். அன்றைக்கு வரவில்லை. முந்தின நாள் மலை உச்சியில் காற்று வாங்கியதில் மூக்கு அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாமியாரைத் தனியாகப் பார்த்து, வயிறு சரியில்லை, எனக்குக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள் அத்தை, களியில் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். குழிக்குள் குழம்பு விழுந்தால் திட்டமே போச்சு. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டோம், ஒரே ஓர் ஓட்டையை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம் என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

பந்தி போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் லோகேஷ், ஒரு பக்கம் முருகன். களி விழுந்தது. கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். விரல் இலையைத் தொட்டது. அகலப்படுத்தினேன்.

லோகேஷ் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, கெணறு வெட்டறீங்களா?"

"தண்ணி வந்தாச் சொல்றேன்," என்றேன்.

ராசாத்தி கோழிக் குழம்பு வாளியோடு வந்தாள். நான் களியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, கிண்ணத்தைக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதில் நான் சுதாரித்திருக்க வேண்டும். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் அந்த வருஷம் நீண்ட நேரம் கும்பிட்டார். மிளகு நன்றாகக் காய்த்ததற்கு நன்றி சொன்னார். காப்பிச் செடிக்கு நன்றி சொன்னார். பதினேழு நிமிஷம். பிறகு இலையில் கை வைத்தார். நான் பாய்ந்தேன்.

களி இளஞ்சூடாக இருந்தது, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி. உள்பக்கம், வெளிப்பக்கம், நடுப்பக்கம், எங்கே கிள்ளினாலும் அதே பதம். கிள்ளினேன், புரட்டினேன், விழுங்கினேன். பதினொரு வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டுக் களியின் ருசி எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. முருகன் பாதியில் இருந்தான். லோகேஷுக்குக் கால்வாசி மிச்சம். என் இலையில் ஒன்றுமில்லை. லோகேஷ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொண்டை ஊசி வளைவில் சைக்கிள்காரன் ஜீப்பை முந்திப் போனால் டிரைவர் அப்படித்தான் பார்ப்பார்.

இலையை மூடக் கையை நீட்டினேன். இலைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு வளையல் கை வந்தது.

"ஏனுங்க, எலை காலியா இருக்குது. மாப்பிள்ளை எலையைக் காலியா உட்டா எங்கூட்டுக்கு என்னங்க மரியாதை?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பந்தியின் தலைமாட்டிலிருந்து மாமனார் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"போடு கண்ணு, போடு. மாப்பிள்ளை இன்னைக்குத்தான் நம்மூட்டுக் களியை ரசிச்சுச் சாப்பிட்டிருக்கறாரு," என்றார்.

பதினொரு வருஷமாக ஒரு மனிதர் காத்திருந்து சொல்கிற வார்த்தைக்கு எப்படி வேண்டாம் என்பது? களி விழுந்தது. முதல் உருண்டையைவிடப் பெரியது. மூடி போட்ட அண்டாவின் அடியிலிருந்து எடுத்தது. அதன் உச்சியில் ஏற்கெனவே ஆழமாக, அகலமாக ஒரு குழி இருந்தது.

"உங்களுக்குக் குழி புடிக்குமேன்னு நானே தோண்டியாந்தேனுங்க," என்று சொல்லி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குழம்பை அந்தக் குழி நிறைய ஊற்றினாள்.

குழம்பு குழிக்குள் போன பிறகும் ஒரு கொதி கொதித்தது. மேலே எண்ணெய் மிதந்தது. அந்த எண்ணெய் ஒரு மூடி மாதிரி. ஆவியையும் வெளியே விடாது. உள்பக்கமிருந்து களி ஆற வேண்டிய சுவர் முழுக்க இப்போது கொதிக்கிற குழம்பு. சூடு வெளியே போக நான் கண்டுபிடித்த அதே வழியில் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது. எந்த இடமும் ஓரத்துக்குத் தூரமில்லை. ஓரம் கொதித்துக்கொண்டிருந்தது.

லோகேஷ் எழுந்து போய்க் கை கழுவினார். முருகன் கழுவினான். பங்காளிகள் கழுவினார்கள். மாமனார் கழுவினார். நான் விரலை ஊதிக்கொண்டிருந்தேன். பெண்கள் பந்திக்கு இலை போட வந்தவர்கள் என் இலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக நான் எழுந்தபோது, கை கழுவுகிற இடத்தில் சோப்புக்கூடக் காய்ந்து போயிருந்தது.

மாமனார் என்னிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர். "அண்டாவைக் கொல்லையில எடுத்து வெச்சாச்சுங்க," என்று மட்டும் பொதுவாகச் சொன்னார்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். தேங்காய் நார், சாம்பல், கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பலா மரத்தடியில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. லோகேஷ் வெற்றிலை போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

தார் ரோட்டைக் காணவில்லை.

அடியில் மெல்லிசாக ஒரு பொருக்கு, அவ்வளவுதான். செய்தித்தாள் கனம் இருக்கும். ஓரமெல்லாம் தானாகவே சுருண்டு எழுந்து நின்றது. நிறம் கருப்பில்லை, நல்ல பழுப்பு. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். முழுசாகக் கழன்று மிதந்தது. கையால் எடுத்து வெளியே போட்டேன். நாரை வைத்து ஒரு சுற்றுத் தேய்த்தேன். அண்டா பளபளத்தது.

அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒன்றுமே படிக்காமல் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்த பிறகு, மழைக்காக இன்று லீவு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று வாத்தியார் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. முதுகில் ஏற ஆரம்பித்திருந்த வலி பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது. உரக்கச் சிரிக்கக்கூடத் தோன்றியது.

தண்ணீரைக் கொட்டுவதற்காக ஒரு கையால் சாய்த்தேன். சாயவில்லை. இரண்டு கையாலும் சாய்த்தேன். கனத்தது. அடியைத் தட்டிப் பார்த்தேன். டங் என்று கேட்க வேண்டியது, டொம் என்று கேட்டது. அண்டாவின் காதோரம் பார்த்தேன். கொஞ்சமும் தேயாத பெயிண்டில் என் கடைப் பெயர்.

நிமிர்ந்தேன். ராசாத்தி ஒரு குடம் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள்.

போன வியாழக்கிழமை நான் சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு மூலையில் கிடந்த அடி கனமான பெரிய அண்டாவை எடுத்து, லோகேஷ் ஜீப்பில் ஏற்றி வாழவந்திக்கு அனுப்பிவிட்டாளாம். நான் யாரையும் வாங்க விடாமல் வருஷக்கணக்காக வைத்திருந்தது அது. பழைய அண்டாவில் இப்போது மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார்களாம். இதையெல்லாம் நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை. இரண்டு மணி நேர வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்த மனுஷனுக்கு எங்கிருந்து கோபம் வரும்? ஒன்று மட்டும் கேட்டேன். அண்டாவைத்தான் மாற்றியாயிற்றே, பிறகு எதற்காக என்னைக் கடைசி ஆளாக்கினாய்?

"முருகன் கழுவியிருந்தா, நான் நல்லாத் தேய்ச்சேன்னு சொல்லீருப்பான்," என்றாள். "லோகேஷ் கழுவியிருந்தா, ஒண்ணுமே சொல்லாம வண்டியெடுத்துட்டுப் போயிருப்பாரு. நீங்க கழுவினாத்தானுங்க, அண்டா நல்ல அண்டான்னு உங்க வாயில வரும்."

பிறகு சமையல்கட்டு வாசலைக் கண்ணால் காட்டினாள். மாமியார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மற்ற வருஷங்களில் இந்த நேரத்துக்கு அவர் உள்ளே படுத்திருப்பார். வலது தோளில் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மேனகா பக்கத்தில் இருப்பாள். மெல்லிய அடியில் களி கிண்டினால் ஒரு நிமிஷம்கூடக் கையை நிறுத்த முடியாதாம், நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு நடுநடுவே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கிண்டினாராம்.

பதினொரு வருஷமாக நான் என் இரண்டு மணி நேரத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முன்னால் அத்தை மூன்று மணி நேரம் அதே அடியோடு போராடியிருக்கிறார்.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பலா மரத்தடிக்குப் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அண்டா என்றால் அடி கனமாகத்தான் இருக்க வேண்டும். நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. மாமனார் தலையை ஆட்டினார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனசு லேசாகிவிட்டது.

மனசு லேசானபோது புத்தி வேலை செய்தது. அதுதான் தப்பு. கணக்குப் போட்டேன். கழுவுகிற வேலை இனி ஐந்து நிமிஷம். அதை நானே ஏற்றுக்கொண்டால் பந்தயம் கிடையாது. குழி தோண்ட வேண்டியதில்லை. ஆறின களியை ஆற அமரச் சாப்பிடலாம். பெரிய மனசுக்காரன் என்ற பெயரும் வரும். ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவு லாபம் எந்த வியாபாரத்தில் உண்டு?

"இனிமேல் யாரும் அவசரப்பட்டுச் சாப்பிட வேண்டாம்," என்றேன். "வருஷா வருஷம் அண்டாவை நானே கழுவறேன்."

லோகேஷ் உடனே எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரி மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பங்காளிகளிடம் கேட்டார். ராசாத்தி மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

"எத்தனை அண்டா இருந்தாலுமுங்களா?"

"எத்தனை இருந்தாலும்," என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா நேத்து கோயில்ல வேண்டிக்கிட்டாருங்க. அடுத்த வருஷம் ஊருக்கே களி போடறதுன்னு," என்றாள். "ஏழு அண்டாவுங்க. ஊர்க்காரங்ககிட்ட எரவல் வாங்கறதுங்க."

கொஞ்சம் திடுக்கென்றது. உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்டாவுக்கு ஐந்து நிமிஷம் என்றால் ஏழுக்கு முப்பத்தைந்து நிமிஷம். பரவாயில்லை. தாங்கலாம். மூச்சு விட்டேன்.

"ஏழும் இதே மாதிரி அடி கனமான அண்டாதானே, ராசாத்தி?"

"அதைப் பாத்திரக் கடைக்காரரைத்தானுங்க கேக்கோணும்," என்றாள்.